மலைவழியும் தேசப்படமும்: மாத்தளைப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

தேசப்படமொன்றின் தரத்தை, அதனை ஆக்கியோரது அளவை நுட்பத்தைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் நெடுங்காலமாக நிலவிவந்தது. முக்கோணவளவை செம்மையாக நடைபெற்றதா, உயரங்கள் பிழையின்றிக் குறிக்கப்பட்டனவா, அச்சு தெளிவாக அமைந்ததா என்பனவே கேட்கப்பட்ட வினாக்கள். படத்தைக் கையிலேந்தி நடப்பவன் அதனைக்கொண்டு போய்ச் சேர்ந்தானா என்னும் வினா பிற்பட்டே எழுந்தது. அமெரிக்கப் புவியியலாளரான ஆதர் றொபின்சன் 1952இல் ‘படங்களின் தோற்றம்’ என்னும் பொருள்பட வெளியிட்ட நூலிலே, படத்தின் வடிவமைப்பு அதனை வாசிப்பவரின் கண்ணையும் மனத்தையும் ஆராய்ந்தறிந்து அமையவேண்டும் என வற்புறுத்தினார். கணினித்துறை வளர்ச்சியுற்றதைத் தொடர்ந்து, இவ்வினா ‘பயன்படுதன்மை’ என்னும் பெயருடன் தனியொரு ஆய்வுத்துறையாகவே விரிந்துள்ளது. ஐ.எஸ்.ஓ. 9241 என்னும் சர்வதேச நியமத்தின் 11ஆம் பகுதி (1998, திருத்தம் 2018) இதற்கு ஓர் வரைவிலக்கணம் தருகின்றது. குறித்த பயனாளர், குறித்த நோக்கத்தைக் குறித்த சூழலிலே, விளைதிறனுடனும் வினைத்திறனுடனும் திருப்தியுடனும் எத்துணை எய்துகின்றனர் என்பதே பயன்படுதன்மையாம்.

இவ்வரைவிலக்கணத்தில் முதன்மையானது ‘குறித்த பயனாளர்’ என்னும் தொடராகும். ஆயின் எளிதாகக் கடந்து செல்லப்படுவதும் அதுவே. மலைநடைக்கான படங்களைச் சோதிக்குமிடத்து, விடுமுறையைக் கழிக்க வரும் நகரத்து மத்தியதர வர்க்கத்தினரே பயனாளர் என்று பெரும்பாலும் பேசாமலே கொள்ளப்படுகின்றது. அம்மலையில் நாள்தோறும் நடப்போர் அச்சோதனையின் எல்லைக்குள் வருவதில்லை. மலையிலே ஒரு பாதை ஏன் இருக்கின்றது, யார் நடப்பதால் இருக்கின்றது என்பதை அறியாத படம், அச்சிடப்பட்டதாயினும் திரையில் ஒளிர்வதாயினும், மலைநடையாளனுக்கு ஓர் எல்லைக்கு அப்பால் உதவமாட்டாது என்பதனை மாத்தளை மாவட்டத்தை முன்னிறுத்தி விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவன் ஒருவன் தேசப்படத்தைப் பற்றிப் பேசப் புகுவது புவியியல்துறை நண்பர்க்குச் சிறிது நகைப்பூட்டலாம். எனினும் படமும் ஒரு பனுவலே. அதற்கும் ஆசிரியர் உளர், வாசகர் உளர், சொல்லாது விடப்பட்ட செய்திகளும் உள.

மாத்தளை மாவட்டத்தின் வடபாகம் தம்புள்ளையை அண்டிய வரண்ட தாழ்நிலமாகும். தென்கிழக்கிலே கண்டி மாவட்டத்துடன் பகிர்ந்துகொள்ளும் பெரும் மலைத்தொடர் எழுகின்றது. அதன் உயர்ந்த சிகரமான கொம்பானியா 1,906 மீற்றர் உயரமுடையது. 2000ஆம் ஆண்டிலே பேணற்காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இத்தொடர், 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு என்னும் உலக மரபுரிமைத் தொகுதியின் ஒரு பகுதியாயிற்று. இதற்கு வழங்கும் இரு பெயர்களே நமது பொருளுக்கு நல்லதொரு தோற்றுவாயாக அமைகின்றன. மடக்கிய கையின் விரல்மூட்டுக்களை ஒத்த தோற்றங்கண்டு பிரித்தானிய அளவையாளர் இதனை நக்கிள்ஸ் என்றனர். சிங்கள மக்கள் வழங்கும் தும்பறை மலைத்தொடர் என்னும் பெயருக்கோ மூடுபனி கவிந்த மலை என்று பொருள் கூறுவர். முன்னையது, தெளிந்த வானிலே தூரத்து நின்று நோக்குபவன் இட்ட பெயர். பின்னையது உள்ளே நடப்பவனுடைய பெயர்.

இரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் கணவாயூடாக இலுக்கும்புறைக்குச் செல்லும் வீதியிலே பயணஞ் செய்தோர் இவ்வேறுபாட்டை உடனே உணர்வர். மேற்குச் சரிவின் ஈரக்காடு, காற்று வீசும் கணவாய், பிட்டவல பத்தனைப் புல்வெளி, கிழக்குச் சரிவின் உலர்ந்த நிலம் என்பன சில கிலோமீற்றர்களுக்குள் ஒன்றையொன்று தொடர்கின்றன. கணவாயிலே சில நிமிடங்களில் மூடுபனி வந்து கவிந்துவிடும். அச்சுப்படத்தை வாசித்து வழியறிதலாவது, சமவுயரக்கோடுகளை எதிரே தெரியும் நிலவுருவத்துடன் ஒப்பிட்டு நோக்குதலாகும். எதிரே ஒன்றும் தெரியாதபோது அவ்வாசிப்பு தடைப்படுகின்றது. செய்மதிவழி இடமறியுங் கருவியோ பனியைப் பொருட்படுத்துவதில்லை. இவ்வொரு காரணத்தைக் கொண்டேனும், எண்ணிமப் படத்தை இகழ்ந்து அச்சுத்தாளைப் போற்றும் பழமைவாதத்துக்கு இடமில்லை எனலாம்.

அச்சுப்படத்தின் வரலாறுதானும் குற்றமற்றதன்று. இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆந் திகதி நிறுவப்பட்டது. 1830களின் பிற்பகுதியிலிருந்து கோப்பிச் செய்கை மலைநாட்டிலே பரவியபோது அளவைக்கு அவசரத் தேவை பிறந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடுகளும் பயிரிடப்படாத நிலங்களும் மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியன என்று வைத்துக்கொண்டது. கண்டிய விவசாயியின் சேனைநிலம் இவ்வாறு சட்டத்தின் பார்வையில் வெற்றுநிலமாயிற்று. வெற்றுநிலத்தை விற்பதற்கு எல்லைக்கோடு வேண்டும். எல்லைக்கோட்டை வரைவதற்கு அளவையாளன் வேண்டும். மேஜர் ஜெனரல் ஜோன் பிறேசரின் நெறியாள்கையில் உருவாகி 1862இல் வெளிவந்த இலங்கைப் பெரும்படம் படைத்துறையின் ஆக்கமாகும். பெருந்தெருக்களை அமைத்த தோமஸ் ஸ்கின்னரும் அதற்கான அளவைப்பணியிலே பங்கு கொண்டவர். 1897இல் தரிசுநிலக் கட்டளைச்சட்டம் வந்தது. அக்காலந் தொட்டு 1920கள் வரையில் முழுத் தீவையும் ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்னும் அளவுத்திட்டத்திலே காட்டும் இடவிளக்கப்படத் தாள்கள் ஆக்கப்பட்டன. அவற்றின் வழித்தோன்றலாய் அமைந்ததே 92 தாள்கள் கொண்ட 1:50,000 அளவுத்திட்டத் தொடர்.

இத்தாள்கள் அருமையான உழைப்பின் விளைவுகள் என்பதில் ஐயமில்லை. ஆர். எல். புறோகியர் போன்ற திணைக்கள அறிஞர் அவ்வுழைப்பின் வரலாற்றை விரிவாக எழுதியுள்ளனர். எனினும் 1:50,000 அளவுத்திட்டத்திலே ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றராகும். பன்னிரண்டு அறைகள் கொண்ட லயம் 40 மீற்றர் நீளமுடையதெனக் கொண்டாற்கூட அது படத்தில் ஒரு மில்லிமீற்றருக்குட் சுருங்கிவிடும். ஆகவே எதை வைப்பது, எதை விடுவது, எதைக் குறியீட்டாற் பெருப்பித்துக் காட்டுவது என்னும் தெரிவு இன்றியமையாததாகின்றது. இத்தெரிவைக் கணிதம் செய்து தருவதில்லை. பல நூறு ஏக்கர் விரிந்த தோட்டமொன்றுக்குப் படத்திலே ஒரு பெயர் போதுமானதாயிற்று. அதுவும் பெரும்பாலும் துரைமார் இட்டதோ, அவர்கள் காதிற் கேட்டவாறு எழுதியதோ ஆகிய பெயர். அத்தோட்டத்தினுள்ளே வாழ்வோர் மேட்டு லயம், பணிய லயம், பழைய ஸ்டோர், கொழுந்து மடுவம், பிரட்டுக்களம், பீலிக்கரை, இத்தனையாம் நம்பர் மலை என்று இடத்துக்கிடம் பெயரிட்டு வழங்கும் நுண்ணிய புவியியல் தாளிலே இடம்பெறுவது அரிது. தேயிலை நட்ட நிலத்துண்டையே ‘மலை’ என்று கூறும் இவ்வழக்கை அறியாதவன், தொழிலாளி ஒருவர் காட்டிய வழியைத் தவறாக விளங்கிக்கொண்டு சிகரத்தை நோக்கி நடப்பான்.

இனி, பாதை என்பது யாது என்று நோக்குவோம். படத்திலே புள்ளிக்கோடாகத் தோன்றும் ஒற்றையடிப்பாதை, ஆற்றையும் பாறையையும் போல இயற்கைப் பொருளன்று. அது உழைப்பின் விளைவு. எல்கடுவ, கந்தேநுவர, கம்மடுவ முதலிய பகுதிகளின் தோட்டப்பாதைகள் லயத்தையும் மலையையும், மலையையும் மடுவத்தையும், மடுவத்தையும் தொழிற்சாலையையும் இணைப்பதற்காக வெட்டப்பட்டவை. கொழுந்துக்கூடை சுமந்த பெண்கள் நாளொன்றுக்குப் பலமுறை நடப்பதனாலேயே அவை திறந்திருக்கின்றன. தோட்டத்தின் ஒரு பகுதி கைவிடப்பட்டால் இரண்டு மூன்று மாரிகளுக்குள் மானாப்புல் வழியை மூடிவிடும். படத்திலோ கோடு அழிவதில்லை.

நக்கிள்ஸ் மலைக்காட்டினுள்ளே இது இன்னுங் கூர்மையாகத் தெரியும். அக்காட்டின் மேல்மரங்களை விட்டுக் கீழ்ச்செடிகளைக் களைந்து ஏலம் பயிரிடும் முறை இருபதாம் நூற்றாண்டிலே பரவியிருந்தது. ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். பறித்த காயை உலர்த்துவதற்குக் காட்டினுள்ளேயே சூளை வேண்டும். சூளைக்கு விறகும், உலர்ந்த காயைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியும் வேண்டும். இன்று மலைநடையாளர் காட்டுவழி என்று மகிழ்ந்து நடக்கும் பாதைகள் பல, கூலிக்கு அமர்த்தப்பட்டோரும் அயற்கிராமத்தவரும் ஏலமூட்டை சுமந்து உண்டாக்கிய பாதைகளேயாம். இடிந்த சூளைகள் இன்றுங் காடுகளினுள்ளே காணப்படுகின்றன. காடு பேணற்காடானதைத் தொடர்ந்து ஏலச்செய்கை தடைக்குட்பட்டது. சூழலியல் நோக்கில் அத்தடைக்கு நியாயமுண்டு. பிழைப்பிழந்தோருக்கு ஈடாக என்ன கிடைத்தது என்பது வேறொரு வினா. நமது பொருளுக்கு வேண்டியது இதுவே: பழைய படத்திலோ, ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன்பு நடந்து பதிந்துவைத்த தடத்திலோ காணும் ஏலப்பாதையை நம்பிச் செல்பவன், நடுக்காட்டில் அது மறைந்தொழிந்த இடத்திலே நிற்கின்றான். மேலே செல்வதா திரும்புவதா என்னுந் தடுமாற்றம் அங்கேதான் பிறக்கின்றது. படம் பாதை உளது என்கின்றது. பாதையை ஆக்கிய உழைப்பு நின்றுவிட்டது என்பதை அது கூறுவதில்லை.

எண்ணிமப் படங்கள் இக்குறையை நீக்கிவிட்டனவா? 2000 மே மாதத்திலே ஐக்கிய அமெரிக்கா தனது செய்மதிச் சமிக்ஞைகளிற் பொதுமக்களுக்கெனப் புகுத்தியிருந்த வேண்டுமென்றேயான வழுவை நீக்கிற்று. 2004இல் தன்னார்வலர் கூடி ஆக்கும் ஓப்பின்ஸ்றீற்மப் தோன்றியது; 2005இல் கூகிள் தனது படச்சேவையைத் தொடங்கியது. இன்று திறந்த வானின் கீழ் சாதாரணக் கைத்தொலைபேசி சில மீற்றர் வழுவுக்குள் நம் இடத்தைக் காட்டுகின்றது. அடர்ந்த விதானத்தின் கீழும் செங்குத்துப் பாறையின் அடியிலும் அவ்வழு பெருகும். மின்கலத்தின் ஆயுள், நனைந்த திரை விரலுக்குப் பணியாமை, அலைவரிசை கிட்டாத பள்ளத்தாக்குகள் என்பன யாவரும் அறிந்த தொல்லைகள். முன்கூட்டியே படத்தைப் பதிவிறக்கி வைப்பதாலும் மேலதிக மின்கலத்தாலும் இவற்றுட் சில தீரும். தாள் நனையும், கிழியும், காற்றிற் பறக்கும் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆழமான சிக்கல் வேறிடத்தில் உளது. ஸ்கொத்லாந்தின் பென் நெவிஸ் மலைக்கு வழிகேட்டோருக்குக் கூகிள் படம் காட்டிய நடைவழி உயிருக்கே ஆபத்தானது என்று 2021 யூலையிலே அந்நாட்டின் மலையேற்ற அமைப்புகள் எச்சரித்தன. வீதியை அடிப்படையாகக் கொண்டு ஆக்கப்பட்ட படம், சிகரத்துக்கு அண்மையிலுள்ள வாகனத் தரிப்பிடத்திற்கு நடையாளரைக் கொண்டுசென்று, அங்கிருந்து சிகரத்துக்குப் புள்ளிக்கோடு ஒன்றை இட்டுவிட்டது. பாறையும் செங்குத்தும் அதற்குத் தெரியவில்லை. மலைக்குரிய நோக்கத்துடன் ஆக்கப்படாத கருவியை மலைக்குக் கொண்டுசென்றால் நேர்வது இது.

யப்பானில் இஷிகாவாவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும் 2008இல் வெளியிட்ட பரிசோதனையும் ஈண்டு கருதத்தக்கது. நகரத்தெருக்களிலே ஒரு சாரார் செய்மதிக் கருவியுடனும், ஒரு சாரார் தாட்படத்துடனும், மற்றொரு சாரார் வழியை ஒருமுறை அழைத்துக் காட்டப்பட்டபின் படமின்றியும் நடந்தனர். கருவியுடன் சென்றோரே ஏனைய இரு சாராரையும்விட நெடுந்தூரம் நடந்தனர். அதிகமாக நின்று நின்று சென்றனர். வழிகாட்டி அழைத்துச் செல்லப்பட்டோருடன் ஒப்பிட்டபோது, திசையைச் சுட்டுவதிலும் பின்பு வழியைத் தாமே வரைந்து காட்டுவதிலும் அவர்கள் கூடுதலாகத் தவறினர். நகரத்தெருவிற் கண்டதை மலைக்கு அப்படியே பொருத்திவிடல் கூடாது. எனினும் மூன்று சாராரிலும் சிறந்து நின்றோர் எக்கருவியும் கைக்கொள்ளாதோர், முன்பு நடந்த ஒருவரோடு நடந்தோர் என்பது சிந்தனைக்குரியது. திரையிலே நாம் நகரும் நீலப்புள்ளியாகின்றோம். உலகம் அப்புள்ளியைச் சுற்றி அசைகின்றது. இந்நிலையை இலக்கியத் திறனாய்வின் மொழியிலே அகநிலைவாதம் என்று கூறத் தோன்றுகின்றது. ஆயின் இவ்வுவமையை நெடுந்தூரம் இழுப்பது தகாது.

வழிகூறும் பனுவல் எவ்வாறு அமையலாம் என்பதற்குத் தமிழிலே மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. பத்துப்பாட்டினுள் ஆற்றுப்படைகள் ஐந்து. அவற்றுள் மலைநடைக்கே உரியதெனத் தக்கது, பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய 583 அடிகளைக்கொண்ட மலைபடுகடாம். பரிசில் பெற்று மீளும் கூத்தன், பரிசிலை நாடிவரும் கூத்தர் கூட்டத்துக்கு வழிசொல்வதாக அமைந்தது இது. புரவலனைப் புகழ்வதே அதன் வெளிநோக்கம் என்பது உண்மையே. ஆயினும் இடையிலே அது சொல்லுஞ் செய்திகளை நோக்குக. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காகக் குறவர் பொறி வைத்த வழிகளில் விடிந்தபின்னரே செல்லவேண்டும். பாம்பு உறையும் இடங்கள் இன்னவை. யானையை ஓட்டக் கானவர் எறியுங் கவண்கல் உங்கள்மேற் படக்கூடும், ஆகவே மரங்களில் மறைந்து செல்லுங்கள். பாசி படர்ந்து வழுக்கும் கரைகளிலே பற்றுக்கோடு கொண்டு செல்லுங்கள். குறவரே மயங்கும் குன்றத்தில் வழிதப்பினால் அலையவேண்டாம். அகன்ற பாறையொன்றிற் கூடியிருந்து உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள், புனங்காக்கும் கானவர் கேட்டு வந்து உதவுவர் என்கின்றது அது. புதியவர்களாகிய நீங்கள், வழிகள் கலந்து மயங்குஞ் சந்திகளிலே பின்வருவோருக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்றும் பணிக்கின்றது.

தூரமும் திசையும் இங்கே மிகக் குறைவு. வழியிலே யார் உழைக்கின்றனர், எந்நேரத்தில் என்ன செய்கின்றனர், அவரது தொழிலால் வழிப்போக்கனுக்கு வரும் இடரும் உதவியும் எவை என்பனவே மிகுதி. பன்றிப்பொறியும் கவண்கல்லும் புனங்காவலின் உறுப்புக்கள். உதவிக்கு வரும் கானவரும் அதே புனங்காவலர். ஆக, மலையின் உற்பத்தி முறையை அறிந்தவனே மலையின் வழியை அறிந்தவனாகின்றான். புல் முடிதலோ, நடந்தவர் வழியைத் திருத்தி அடுத்தவருக்கு அளிக்கும் முறை. இன்றைய தன்னார்வலர் கூட்டுப்படத்தின் கொள்கையும் அதுவே. ஒரு வேறுபாடு உண்டு: கூத்தர், பாணர் ஆகியோர் இல்லாமையால் நடந்தோர், அவர்கள் முடிந்த புல் தம்மையொத்த இல்லாதவர்க்குரியது. இன்றைய கூட்டுப்படத்திற் பதிவு செய்ய ஓய்வும் கருவியும் மொழிப்பயிற்சியும் வேண்டும். இம்மூன்றும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களது பாதைகளே படத்தில் ஏறுகின்றன.

மாத்தளைக்கு இது வெறும் ஒப்புமையன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த கோப்பித் தொழிலாளர் தலைமன்னாரிலும் அதனையண்டிய கரையிலும் இறங்கி, வரண்ட வன்னிக் காட்டினூடாக நடந்து மலையை முதலில் எட்டிய நகரம் மாத்தளையேயாகும். கங்காணியின் வாய்ச்சொல்லே அவர்களது படம். நோயிலும் பசியிலும் வழியிலே வீழ்ந்தோர் கணக்கில் அடங்கார். மாத்தளைக்குப் புகையிரதம் 1880இல் வந்தது. நகரின் நடுவே எழுந்து நிற்கும் முத்துமாரியம்மன் கோயில் அந்நடையின் நினைவோடு இணைந்தது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதைக் குறித்து, 2023 யூலை 28ஆந் திகதி தலைமன்னாரிலே தொடங்கிய நடைபவனி ஆகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. காணி, வீடு, சமத்துவமான குடியுரிமை என்பன அந்நடையின் கோரிக்கைகளாயிருந்தன. அதேயாண்டுகளிற்றான் கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைவழி, உல்லாசப் பயணிகளுக்காக ஐரோப்பிய, அமெரிக்க நிதியுதவியுடன் குறியிடப்பட்டது. அதன் படங்கள் தெளிவானவை, கைத்தொலைபேசியிலும் கிடைக்கின்றன. பழைய தோட்டப்பாதைகளே பெரும்பாலும் அவ்வழியாயின. ஒரே வகைப் பாதை ஒருவருக்குக் காட்சிப்பொருள், மற்றொருவருக்கு வேலைத்தளம்.

பாதையோரத்தில் வாழ்பவருக்குப் படத்திலே பெயரில்லாமை ஒரு பண்பாட்டுக் குறை மாத்திரமன்று. லயத்து அறைகளுக்குத் தனித்தனி முகவரியின்மையாற் கடிதங்கள் தோட்ட நிர்வாகத்தின்வழி கைமாறிச் சென்றுசேரும் நிலை பல தோட்டங்களிலே நீடித்து வந்துள்ளது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களிலே சரிவுகள் இடிந்தன. வீதிகளும் பாதைகளும் அறுந்தன. அத்தகைய நாளில் முன்பு அச்சிட்ட தாளும் முன்பு பதிந்த தடமும் ஒருங்கே பழைமையாகிவிடுகின்றன. எப்பாதை இன்னும் இருக்கின்றது என்பது அங்கு நடப்போருக்கே தெரியும்.

ஆகவே மாத்தளையில் மலைநடைப் படங்களைச் சோதிக்கப் புகுவோர், நகரிலிருந்து வரும் மாணவரை மாத்திரம் இரு சாராராகப் பிரித்து, ஒருவர் கையிலே தாளும் மற்றவர் கையிலே தொலைபேசியும் கொடுத்து நேரத்தைக் கணித்தல் போதாது. கொழுந்து பறிப்போர், காட்டுத்திணைக்களத்தின் கீழ்நிலை ஊழியர், இலுக்கும்புறைப் பக்கத்துக் கிராமத்தவர் ஆகியோரும் சோதனையிலே பங்குகொள்ள வேண்டும். படத்திலுள்ள பெயர்களை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, எத்தனையை அவர்கள் இனங்காண்கின்றனர் என்று எண்ணவேண்டும். அவர்கள் வழங்கும் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டெழுதி, எத்தனை படத்தில் இல்லை என்றும் எண்ணவேண்டும். புள்ளிக்கோடு ஒவ்வொன்றுக்கும் இப்பொழுது யார் நடக்கின்றனர், எம்மாதங்களில் நடக்கின்றனர், கடைசியாக எப்பொழுது வெட்டித் துப்புரவாக்கப்பட்டது என்னும் மூன்று செய்திகளைச் சேர்த்தாலே படத்தின் பயன் பெரிதும் உயரும். எண்ணிமப் படத்தில் இதனைச் சேர்ப்பதும் காலந்தோறும் மாற்றுவதும் அச்சுத்தாளிலும் பார்க்க எளிது. மழை கொட்டும் இரவிலே ‘பணிய லயத்துக்கு மேல, பழைய மடுவத்துப் பாதையில மண் இறங்குது’ என்று ஒருவர் தொலைபேசியிற் சொல்வாராயின், கொழும்பிலுள்ள அதிகாரி தம் முன்னுள்ள படத்திலே அவ்விடத்தைக் கண்டுகொள்ள எத்தனை நிமிடம் எடுக்கின்றது என்பதையும் அச்சோதனையின் அளவீடுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.